18 வயது மூப்பர்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் யூட்டா மாகாணத்தில் புரோவோ என்று ஒரு பட்டணம் இருக்கின்றது. மார்மன்கள் என்று உலகத்தாரால் சொல்லப்பட்டு வருகின்ற "பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை"யார், தங்கள் மிஷனெரிகளைத் தயார் செய்வதற்கென்று அந்தப் பட்டணத்தில் ஒரு பெரிய பயிற்சிக்கூடம் வைத்து நடத்தி வருகின்றார்கள். 1961-ம் வருஷத்தில் பாஷை கற்பிக்கும் ஒரு சிறு ஏற்பாடாக ஆரம்பிக்கப்பட்ட இந்தக் காரியம், 1978-ம் வருஷம் முதல் மிஷனெரி பயிற்சி நிலையம் என்ற பெயரோடு விளங்குகின்றது. வேறு சில நாடுகளிலும் இதைப்போன்ற நிலையங்கள் உண்டு. இன்று அச்சபைக்கு உலகமெங்கும் முழுநேர மிஷனெரிகளாக வேலை செய்பவர்கள் 70,000 பேருக்கு மேற்பட்டவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகளேயாவார்கள். இப்பிள்ளைகளுக்கு அங்கே என்ன கற்றுக் கொடுக்கப்படுகின்றது என்பதையும், எது மாத்திரம் கற்றுக் கொடுக்கப்படுவதில்லை என்பதையும் பற்றிச் சில வார்த்தைகள் எழுத ஆசைப்படுகின்றோம்.

முதலாவதாக, அவர்களிடத்தில் உள்ள நல்ல அம்சங்களைச் சொல்லிவிடுவது நியாயமாகும். இந்த மிஷனெரிகள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களல்லர். சம்பளம் வாங்காதது மாத்திரமல்லாமல், தங்கள் செலவுக்குத் தாங்களே பணம் கட்டிக்கொண்டு போகிறார்கள். அமெரிக்காவிலிருந்து செல்லும் ஒரு பிள்ளை 2020-ம் வருஷம் முதல் மாதம் 500 டாலர் வீதம் கட்ட வேண்டியிருக்கின்றது. ஆண்பிள்ளையானால் 24 மாதமும், பெண்ணானால் 18 மாதமும் வேலை செய்ய வேண்டும். மது இல்லை, புகையிலை இல்லை, காப்பியும் தேயிலையுங்கூட இல்லை. 50க்கு மேற்பட்ட பாஷைகள் புரோவோவில் கற்பிக்கப்படுகின்றன. அந்நிய பாஷையில் ஒரு வார்த்தைகூட அறியாத பிள்ளை, கடினமான பாஷையானால் சுமார் 9 வாரத்தில், தட்டுத் தடுமாறியாவது அந்தப் பாஷையில் ஜெபம் செய்யவும், பாடம் சொல்லவும் துணிந்து விடுகின்றான். இவ்வளவு உழைப்பையும், சிக்கனத்தையும், கட்டுப்பாட்டையும் நாம் கேலி செய்வதற்கில்லை. நமது கேள்வியெல்லாம் இவ்வளவும் எதன் பொருட்டு செலவு செய்யப்படுகின்றது என்பதுதான்.

இச்சபையின் சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லுவோம். ஜோசப் ஸ்மித் என்ற ஒரு வாலிபர், ஒரு தேவதூதன் தமக்குத் தங்கத் தகடுகள் இருக்குமிடத்தைக் காட்டினதாகவும், அவற்றிலுள்ள எழுத்தைத் தாம் தெய்வ சக்தியால் மொழிபெயர்த்ததாகவும், பிறகு தகடுகளைத் தேவதூதனே திரும்ப வாங்கிக் கொண்டதாகவும் சொன்னார். அந்த மொழிபெயர்ப்பே 1830-ம் வருஷத்தில் அச்சான மார்மன் புஸ்தகம். அதே வருஷத்தில் நியூயார்க் மாகாணத்தில் சபையும் ஸ்தாபிக்கப்பட்டது. 1844-ல் ஸ்மித் இலினாய் மாகாணத்தில் ஒரு சிறையில் கலகக் கூட்டத்தாரால் கொல்லப்பட்டார். 1847-ல் பிரிகாம் யங் என்பவர் ஜனங்களை யூட்டாவுக்கு அழைத்துச் சென்றார். ஸ்மித்தைக் கொன்றது கொடுமையான காரியமே. ஆனால் ஒருவர் கொல்லப்பட்டார் என்பது அவர் சொன்னது உண்மை என்பதற்கு ருஜுவாகாது.

நிற்க, அந்தச் சபைக் குடும்பத்தில் பிறந்த ஒரு ஆண்பிள்ளையின் நிலையைச் சற்றுக் கவனிப்போம். அவனுக்கு 8 வயதில் ஞானஸ்நானம் ஆகிவிடுகின்றது. மிஷனெரியாகப் போக வேண்டும் என்ற ஆசையைச் சிறு பிள்ளைகளின் பாட்டிலேயே ஊட்டி விடுகிறார்கள். உண்டியலில் காசு போடும்போதே அது மிஷனுக்கென்று போடுகின்றான். பெண்களுக்கு இது இஷ்டம் என்றும், ஆண்களுக்கு இது கடமை என்றும் சொல்லப்படுகின்றது. 2012-ம் வருஷம் வரை ஆண்பிள்ளைக்கு 19 வயது ஆகவேண்டியிருந்ததை அந்த வருஷத்தில் 18 ஆகக் குறைத்து விட்டார்கள். அதாவது, பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்து, காலேஜிலோ, தொழிலிலோ, வேறு விதமான மனிதர்களோடு பழகி, வேறு விதமான எண்ணங்களைக் கேட்பதற்கு முன்னமேயே அவனை நேரே பயிற்சிக்கூடத்துக்குள் அனுப்ப வழி ஏற்பட்டு விட்டது. எந்த தேசத்துக்குப் போவது என்பதும் அவன் இஷ்டமல்ல. தலைமை ஸ்தானத்திலிருந்து உத்தரவு வரும். அந்த உத்தரவு தெய்வத்தின் அழைப்பு என்று அவன் நம்பவேண்டும்.

பயிற்சியின் முதல் பாகத்தை இப்பொழுது வீட்டிலிருந்தே இணைய வழியாகப் படிக்கின்றான். பிறகு கூடத்துக்குள் நுழைந்ததும் சட்டையில் ஒரு கறுப்புப் பெயர்வில்லை மாட்டப்படுகின்றது. அதில் 'எல்டர்' என்று போட்டு அவன் குடும்பப் பெயர் இருக்கும். எல்டர் என்றால் மூப்பர் என்று பொருள். மீசை அரும்பும் 18 வயதுப் பிள்ளை மூப்பர்! அவனுக்கு ஒரு துணைவன் நியமிக்கப்படுகின்றான். இரண்டு வருஷ காலமும், ஆள் மாறினாலும், ஒரு துணைவன் கூடவே இருந்துகொண்டிருப்பான். குளிக்குமிடம் போன்ற சில சமயம் தவிர, தனியாக நடக்கவோ, தனியாக ஒரு மனிதரோடு பேசிக் கொண்டிருக்கவோ வழியில்லை. 2019-ம் வருஷம் வரை தாய் தகப்பனோடு டெலிபோனில் பேசுவதற்குக்கூட வருஷத்துக்கு இரண்டே நாள்கள்தான் இருந்தன. அந்த வருஷம் முதல் வாரத்துக்கொரு முறை பேசலாம் என்று தளர்த்தியிருக்கின்றார்கள். இந்த மாறுதலை நாம் மனதாரப் பாராட்டுகின்றோம். ஆனால் தனித்திருந்து யோசிக்க ஒரு நாழிகையாவது கிடைக்காத மனிதனுக்குச் சந்தேகம் எப்படிப் பிறக்கும்? பிறந்தாலும் அதை யாரிடம் சொல்லுவான்? கூட இருப்பவனும் அதே வயதுப் பிள்ளை. அவனும் அதே பயத்தில் இருப்பவன்.

இனி பாடத்தைப் பார்ப்போம். 1952-லும் 1961-லும் மிஷனெரிகளுக்கென்று ஒரே மாதிரிப் பாடங்கள் அச்சிட்டுக் கொடுத்தார்கள். பிள்ளைகள் அவைகளை நெட்டுருச் செய்தார்கள். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், மிஷனெரி சொல்லவேண்டியது மாத்திரமல்லாமல், கேட்கின்ற வீட்டுக்காரர் சொல்லப்போகும் பதிலும் அப்பாடத்திலேயே அச்சாகி இருந்தது. கேள்வியும் தமது, பதிலும் தமது என்றால் அதற்குப் பெயர் சம்பாஷணையா, நாடகமா? 2004-ம் வருஷத்தில் நெட்டுருவை விட்டுவிட்டு, அவரவர் சொந்த வார்த்தையில் பேசும்படியான புதிய பாடப் புஸ்தகத்தை வெளியிட்டார்கள். 2023-ல் அதைத் திருத்தியும் இருக்கிறார்கள். கூடத்தில் உபாத்தியாயர்களே வீட்டுக்காரர் வேஷம் போட்டு உட்கார, பிள்ளைகள் அவர்களுக்குப் பாடம் சொல்லிப் பழகுகின்றார்கள். உபாத்தியாயர்களில் பெரும்பாலோர் முன்பு மிஷனெரியாகப் போய்த் திரும்பியவர்கள். வார்த்தை சொந்த வார்த்தையாகி விட்டது, வாஸ்தவந்தான். முடிவு சொந்த முடிவாயிற்றா என்பதே கேள்வி. அன்றியும், வெகு காலமாகக் கேட்பவருக்கு இவர்கள் வைத்திருந்த பெயர் 'விசாரிப்பவர்' என்பது. விசாரிப்பவர் என்றால், விசாரித்த பிறகு இல்லை என்று சொல்லவும் உரிமையுள்ளவர் என்றுதானே அர்த்தம்? அப்படி ஒருவர் இல்லை என்று சொன்னால், அவர் சொல்லும் காரணத்தை நிதானமாக எடைபோட்டுப் பார்ப்பதற்கு அந்தப் பாடத்தில் இடமில்லை.

ஏனெனில், உண்மையைக் கண்டுபிடிக்க அவர்கள் சொல்லும் பரீட்சையே அப்படிப்பட்டது. மார்மன் புஸ்தகத்தைப் படி; கபடமில்லாமல், விசுவாசத்தோடு, மெய்யான நோக்கத்தோடு கடவுளை ஜெபத்தில் கேள்; அது உண்மை என்று உன் உள்ளத்தில் உணர்த்தப்படும் என்கிறார்கள். உள்ளம் உருகினால் புஸ்தகம் உண்மை. உருகாவிட்டாலோ, கேட்டவனுக்கு மெய்யான நோக்கம் இல்லை. இன்னும் கேட்க வேண்டும். மருந்து பலித்தால் மருந்தின் மகிமை, பலிக்காவிட்டால் நோயாளி பத்தியம் தப்பினான் என்று சொல்லுகின்ற வைத்தியனுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம். எந்தப் பரீட்சையில் ஒருக்காலும் தோல்வி வர முடியாதோ, அது பரீட்சையேயல்ல. அதுமாத்திரமா? வேறு மதத்துக்காரர்களும் தங்கள் தங்கள் வேதத்தை வாசித்து உள்ளம் உருகுகின்றார்கள், கண்ணீர் விடுகின்றார்கள். அந்த உருக்கம் அவர்களுடைய வேதத்துக்கு ருஜுவாகாதென்றால், இந்த உருக்கம் மாத்திரம் இதற்கு எப்படி ருஜுவாகும்?

சரி, கூடத்துக்கு வந்த பிள்ளைக்கே அந்த உருக்கம் வரவில்லையென்றால் என்ன செய்வது? இதற்கும் வழி சொல்லப்பட்டிருக்கின்றது. போயிட் பாக்கர் என்ற அவர்களுடைய அப்போஸ்தலர் 1982-ம் வருஷத்தில் மிஷன் தலைவர்களுக்குச் செய்த பிரசங்கத்தில், சாட்சி என்பது அதைச் சொல்லச் சொல்லத்தான் கிடைக்கும் என்ற கருத்தை வெளியிட்டார். அதாவது, தெரிந்த பிறகு சொல்லுவதல்ல; சொன்ன பிறகு தெரிந்து கொள்ளுவது! அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். "இது உண்மையென்று நான் அறிவேன்" என்று ஒரு பிள்ளை தினந்தோறும், இரண்டு வருஷம், முன்பின் தெரியாத ஜனங்களிடத்தில் சொல்லிக்கொண்டே வந்தால் அவன் மனம் நகராமல் என்ன செய்யும்? அந்நியர்கள் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றாலும் பெறாவிட்டாலும், இவ்வேற்பாட்டில் நிச்சயமாக மதத்தில் சேர்க்கப்படுகின்றவன் ஒருவன் உண்டு. அவன் அந்த மிஷனெரியேதான். வெளிநாட்டானுக்கென்று சொல்லப்படும் இந்த வலை உண்மையில் வீட்டுப் பிள்ளையின் மேலேயே வீசப்படுகின்றது என்பது நமது அபிப்பிராயம்.

இப்பொழுது, அவன் சொல்லிப் பழகும் பாடங்களில் இல்லாதவற்றைப் பார்ப்போம். இவைகள் எதிரிகள் கட்டிவிட்ட கதைகளல்ல. 2013 முதல் 2015 வரை அச்சபையாரே வெளியிட்ட கட்டுரைகளில் ஒப்புக் கொண்டிருப்பவை. ஸ்மித்துக்கு 30 முதல் 40 வரை மனைவிகள் இருந்திருக்கக்கூடும் என்றும், அவர்களில் ஒரு பெண் 15 வயது நிரம்பாதவள் என்றும் ஒப்புக் கொள்ளப்பட்டிருக்கின்றது. ஸ்மித் 1835-ல் கைக்கு வந்த எகிப்தியச் சுருள்களை வைத்துக் கொண்டு 'ஆபிரகாமின் புஸ்தகம்' என்று ஒரு வேதத்தை வெளியிட்டார். அச்சுருள்களில் சில துண்டுகள் 1967-ல் நியூயார்க் பொருட்காட்சிசாலையிலிருந்து சபைக்குத் திரும்பக் கிடைத்தன. எகிப்திய எழுத்து வல்லவர்கள் அவற்றைப் படித்துப் பார்த்து, செத்தவர்களோடு வைக்கப்படும் சாதாரணச் சடங்கு ஏடுகள் என்று கண்டார்கள். அவைகளில் ஆபிரகாம் என்ற பெயரே கிடையாது. இதற்கும் சபையார் சில சமாதானங்கள் சொல்லுகின்றார்கள். சொல்லட்டும். ஆனால் கதவைத் தட்டுகின்ற பிள்ளை, மறுப்பையும் சமாதானத்தையும் சேர்த்தே சொல்லும்படி ஏன் பழக்கப்படக்கூடாது?

இவைகளையெல்லாம் விடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கின்றது. 1852-ம் வருஷத்திலிருந்து 1978-ம் வருஷம் ஜூன் மாதம் வரை, ஆப்பிரிக்க வம்சத்தில் பிறந்த கறுப்பு மனிதனுக்கு இச்சபையில் ஆசாரியத்துவம் கிடையாது. எவ்வளவு யோக்கியனானாலும் பிறப்பினால் தகுதியில்லை. ஆகவே கறுப்புப் பிள்ளை 'மூப்பர்' ஆகி மிஷனுக்குப் போவதற்கும் இடமில்லை. இது தெய்வ கட்டளை என்றே சொல்லி வந்தார்கள். 1978-ல் புதிதாக தெய்வ வெளிப்பாடு ஏற்பட்டது என்று தடையை எடுத்தார்கள். 2013-ல், அத்தடைக்கு முன்பு சொல்லி வந்த காரணங்களையெல்லாம் சபையே தள்ளிவிட்டது. தடையை எடுத்தது நல்ல காரியம். ஆனால் நாம் கேட்பதென்னவென்றால், 1977-ல் பயிற்சிக்கூடத்திலிருந்த பிள்ளை, தன் சபைத் தலைவர் தெய்வத்தின் வாயாகப் பேசுகின்றார் என்பதற்குத் தன் உள்ளம் உருகினதைச் சாட்சியாகச் சொன்னான். 1979-லிருந்த பிள்ளையும் அதே உருக்கத்தைத்தான் சாட்சியாகச் சொன்னான். நேர் எதிரான இரண்டு கட்டளைகளுக்கும் ஒரே உருக்கம் சாட்சியானால், அந்தச் சாட்சியை எந்தக் கோர்ட்டார் ஏற்றுக் கொள்ளுவார்கள்? பிறப்பினால் மனிதனைத் தாழ்த்தின கொடுமையையே கண்டுபிடிக்க முடியாமல் 126 வருஷம் தூங்கின உருக்கம், வேறு எதைத்தான் கண்டுபிடிக்கும்? பெண்களுக்கோ இன்றைக்கும் ஆசாரியத்துவம் இல்லை. ஒரு பெண் மாதக் கணக்கில் பாடம் சொல்லி ஒருவரைத் தயார் செய்தாலும், தண்ணீரில் முழுக்கி ஞானஸ்நானம் கொடுக்க ஒரு ஆண்பிள்ளைதான் வரவேண்டும்.

இதற்கு ஆட்சேபணை சொல்லுபவர்கள், "18 வயது மேஜர் வயதுதானே, அவர்கள் இஷ்டப்பட்டுப் போகின்றார்கள், கெட்ட பழக்கம் இல்லாமல் திரும்புகின்றார்கள், இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?" என்று கேட்கலாம். எந்த இயக்கமும் தன் பிரசாரகர்களைப் பழக்கத்தானே செய்கின்றது என்றும் கேட்கலாம். பழக்குவதை நாம் குற்றம் சொல்லவில்லை. தன் கொள்கைக்கு விரோதமான வாதத்தை அதன் முழு பலத்தோடும் தெரிந்து கொண்டு, அதற்குப் பிறகும் அக்கொள்கையே சரி என்று சொல்லுகின்றவன் பிரசாரகன். விரோதமான வாதம் இருப்பதையே தெரிந்து கொள்ளாமல் சொல்லுகின்றவன் பிறருடைய குரலைச் சுமந்து செல்லுகின்றவன்தான். இஷ்டப்பட்டுப் போகின்றான் என்பதும் பாதி உண்மையே. போகாதவனைப் பற்றி அக்கம்பக்கத்தார் என்ன பேசுவார்கள், பாதியில் திரும்பி வந்தவன் தாய் தகப்பன் முகத்தில் எப்படி விழிப்பான் என்பவற்றையும் சேர்த்துத்தான் அந்த இஷ்டத்தை எடைபோட வேண்டும். நஷ்டம் யாருக்கென்றால் அந்தப் பிள்ளைக்கே. மனிதன் சொந்தமாக யோசிக்க ஆரம்பிக்கின்ற வயதில் இரண்டு வருஷம், யோசித்து முடிந்துவிட்டதாகச் சொல்லிக் கொள்ளுவதில் கழிகின்றது.

ஆகவே, அச்சபையாருக்கு நாம் சொல்லுவது மிகச் சிறிய யோசனையேயாகும். பயிற்சிக் காலத்தில் ஒரே ஒரு வாரத்தை ஒதுக்கி, உங்களுடைய சொந்தக் கட்டுரைகளையும், அவற்றுக்கு மறுப்புச் சொல்லுவோரின் புஸ்தகங்களையும் அப்பிள்ளைகளின் கையில் கொடுங்கள். துணைவனில்லாமல் ஒரு நாளாவது தனியாக உட்கார்ந்து யோசிக்க விடுங்கள். அதற்குப் பிறகும் போகின்றேன் என்பவன் போகட்டும். போகவில்லை என்பவனுக்கு அவமானமில்லாமல் வீட்டுக்குப் போக வழிவிடுங்கள். உங்களுடையது உண்மையானால் ஒரு வாரத்தில் அது கெட்டுப் போய்விடாது.

வாசகர்களுக்குச் சொல்லுவதும் ஒன்று உண்டு. எந்த ஊரிலாவது, வெள்ளைச் சட்டையும் பெயர்வில்லையுமாக இரண்டு பிள்ளைகள் உங்கள் கதவைத் தட்டினால், அவர்களை ஏசித் துரத்த வேண்டாம். அவர்கள் தாய் தகப்பனைப் பிரிந்து, கைக்காசைச் செலவு செய்துகொண்டு, வெயிலில் நடந்து வந்தவர்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். அவர்கள் சொல்லுவதைக் கடைசி வரையில் கேளுங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, என்ன தெரிய வந்தால் நீ இது பொய் என்று ஒப்புக் கொள்ளுவாய்?" அந்தக் கேள்விக்கு மாத்திரம் புரோவோவில் பாடம் கிடையாது. அதற்கு அவன் சொந்தமாகத்தான் பதில் தேடவேண்டும்.