பல்லக்கைத் தாங்கிய தோள்

செய்யாற்றுத் திருவோத்தூரில் வேதபுரீசுவரரைத் தரிசிக்கச் செல்வோர், ஆண்பனைகளைக் குலை ஈனச் செய்த ஞானசம்பந்தரின் அற்புதத்தைக் கேட்டு வியந்து திரும்புவர். அப்பிள்ளையின் சரித்திரத்தில் அதனினும் பெரியதாக எனக்குத் தோன்றுவது திருப்பூந்துருத்தி நிகழ்ச்சி. தம்மை 'அப்பரே' என்று அழைத்த அச்சிறுவரின் பல்லக்கை, முதுமையும் தவமும் நிறைந்த திருநாவுக்கரசர், சுமப்போருள் ஒருவராகக் கலந்து, ஒருவரும் அறியாமல் தம் தோளில் தாங்கி வந்தார் என்கிறது பெரிய புராணம். இதைப் பக்தியோடு கேட்டுக் கண்ணீர் மல்கும் நாம், வீட்டில் நம் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொடுக்க வந்தால் மாத்திரம், "எனக்கே சொல்லித் தருகிறாயா?" என்று முகம் சுளிக்கிறோம்.

ஆரணி, செய்யாறு வட்டாரத்துப் பட்டு நெசவுக் குடும்பங்களில் வித்தை என்பது நெடுங்காலமாகத் தந்தையிடமிருந்து பிள்ளைக்கு இறங்கி வருவதாகவே இருந்தது. கோர்வைச் சேலையில் ஒரு பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள இன்னோர் ஆள் வேண்டும். அந்த இடத்தில், பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய சிறுவர்களே அமர்த்தப்பட்டனர். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது, பள்ளிகளும் பெருகின, பிள்ளைகள் தறியை விட்டு எழுந்தனர். இன்று அக்குடும்பத்துப் பிள்ளைகளிற் சிலர் செய்யாற்று அரசு கலைக் கல்லூரிக்கும், பலர் சிப்காட் வளாகத்துக் காலணித் தொழிற்சாலைக்கும் செல்கின்றனர். விடிவதற்கு முன் கம்பெனிப் பேருந்துக்காகச் சாலையோரம் நிற்கும் பெண்பிள்ளைகளுள், வீட்டில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள் எத்தனையோ பேர்.

அவர்கள் வீட்டுக்குக் கொண்டுவருவது சம்பளம் மட்டுமன்று. அறுத்தெடுத்த சேலையைத் திண்ணையில் விரித்து, முந்தானையின் ஜரிகையில் வெயில் நேராக விழாதபடி சற்றே சாய்த்துப் பிடிக்கச் சொல்லிப் படமெடுத்து, வெளியூரில் வாங்குவோருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பக் கற்றுத் தருபவள் மகளே. நூலோடு உறவாடிக் காய்த்துப்போன தந்தையின் விரலைக் கைப்பேசியின் கண்ணாடி எளிதில் உணர்வதில்லை. வங்கியில் ரேகை வைக்கும் கருவியும் அவ்வாறே மறுக்கிறது. ஆயிரக்கணக்கான இழைகளில் அறுந்த ஒன்றைத் தடவியே கண்டுபிடித்துவிடும் அந்த விரல், ஓர் எண்ணை அழுத்த இயலாமல் மகள் முன்னே தடுமாறும்போது அவர் மனம் படும் பாட்டை எண்ணிப் பாருங்கள். அவர் மறுபடியும் அழுத்திப் பார்க்கிறாரே, அதைவிடப் பெரிய தைரியம் எதுவென்று நான் அறியேன்.

பழைய தலைமுறை பழகிய இடத்தை விட்டு அசையாது என்று படித்தவர்கள் சிலர் எளிதாகக் கூறிவிடுகின்றனர். அந்த அபிப்பிராயம் எனக்கு உடன்பாடன்று. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் கழியாமல் இருக்க, பாவும் ஜரிகையும் அவரே கொடுக்க, சேலையும் அவருக்கே போய்ச் சேர வேண்டிய நிலையில் உள்ளவன் புதிய வழியில் பிரவேசித்து நஷ்டப்பட்டால், அன்று இரவு உலை வைப்பது யார்? அவனைக் கட்டி வைத்திருப்பது சோம்பலன்று, கடன். ஆகவே பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது: அப்பாவின் தயக்கத்தைக் கண்டு நகைக்காதீர்கள், அதற்குள் இருக்கும் கணக்கை முதலில் கேளுங்கள்.

கைத்தறித் துறையும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் நடத்தும் பயிற்சிகளில், மகனையும் தந்தையையும், மகளையும் தாயையும் ஒருசேர அமர்த்த வேண்டும் என்பது என் கோரிக்கை. கணினியில் புட்டா வரையக் கற்கும் பிள்ளைக்கு, அது தறியில் எப்படி இறங்கும் என்று சொல்ல அப்பா அருகில் வேண்டும். நேரடி விற்பனை கற்கும் அம்மாவுக்கு, கூச்சமின்றிக் கேட்க மகள் அருகில் வேண்டும். அப்பயிற்சி நாட்களில் தறி நின்றுபோவதால் இழக்கும் கூலியையும் அரசே ஈடு செய்ய வேண்டும்.