மெமரிக்கு டானிக் உண்டா?

"பையனோட கம்ப்யூட்டர் ரொம்பத் திணறுது. மெமரியைக் கூட்டுற சாஃப்ட்வேர் போடலாமா?" என்று வண்ணாரப்பேட்டை வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்.

வேண்டாம், சகோதரி! ராம் என்பது சமையல் மேடை. ஹார்ட் டிஸ்க், பரண். இந்த சாஃப்ட்வேர் மேடைச் சாமான்களைப் பரணில் ஏற்றிவிட்டு, 'பார், இடம் காலி' என்று காட்டும். அடுத்த நிமிஷமே கரண்டிக்காகப் பரண் ஏறணும். வேலை இன்னும் தாமதம்தான். 1995-ல் அமெரிக்காவில் 'சாஃப்ட்ராம் 95' என்று ஒன்று, மெமரி இரட்டிப்பாகும் என்று சொல்லி லட்சக்கணக்கில் விற்றது. சோதித்துப் பார்த்தால் உள்ளே அந்த வேலையே நடக்கவில்லை! 1996-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் தலையிட்டது.

காசை ராமுக்கே போடுங்கள். மெட்ரோவில் அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம். டி.டி.ஆர். 3-ஆ, 4-ஆ என்று பார்த்துக்கொண்டு போங்கள், மாறினால் பொருந்தாது. அதற்கு முன்னால், பையன் ஒரே சமயத்தில் எத்தனை ஜன்னல் திறந்து வைத்திருக்கிறான் என்று எண்ணிப் பாருங்களேன்!