கிடைக்கோட்டில் என்ன எழுதியிருக்கிறது?



பிளஸ் ஒன் இயற்பியலில் 'அலைவுகள்', 'அலைகள்' என்று அடுத்தடுத்து இரண்டு பாடங்கள். இரண்டிலும் ஏறி இறங்கும் ஒரே மாதிரி வளைகோடு. நம்ம சங்கரன்கோவிலில் என்னிடம் சந்தேகம் கேட்க வரும் பிள்ளைகளில் பலர், கோட்டைப் பார்த்ததுமே "முகட்டுக்கு முகடு அலைநீளம், தாத்தா" என்று ஒப்பிக்கிறார்கள். நான் இடைநிலை ஆசிரியர் பயிற்சி படித்தவன்தான். ஆனாலும் தயங்காமல் சொல்வேன்: கிடை அச்சைப் படிக்காமல் சொல்லும் விடைக்கு மதிப்பெண் தரக்கூடாது.

கிடை அச்சில் தொலைவு இருந்தால் அந்த வரைபடம் ஒரு புகைப்படம். ஒரு கணத்தில் அலை முழுவதும் எப்படி இருந்தது என்று காட்டும். முகட்டுக்கு முகடு அலைநீளம், அலகு மீட்டர். கிடை அச்சில் நேரம் இருந்தால் அது ஒரு நாட்குறிப்பு. ஓரிடத்தில் இருக்கும் ஒரு துகள் நேரம் போகப் போக எப்படி ஏறி இறங்கியது என்று காட்டும். முகட்டுக்கு முகடு அலைவுநேரம், அலகு வினாடி. வீச்சை மட்டும் இரண்டிலும் படிக்கலாம்.

இது வெறும் பரீட்சைக் கணக்கு இல்லை. 2004 டிசம்பர் 26 காலை சுமார் 6.30 மணிக்குச் சுமத்ரா அருகே நிலநடுக்கம். இரண்டு மணி நேரம் கழித்து, ஜேசன்-1 செயற்கைக்கோள் வங்கக்கடலுக்கு மேலே பறந்தபடி கடல்மட்டத்தை அளந்தது. நடுக்கடலில் ஏற்றம் சுமார் 60 செ.மீ.தான், ஆனால் அலையின் நீளம் பல நூறு கிலோமீட்டர். இது கிட்டத்தட்ட புகைப்படம். அன்றே சென்னை, தூத்துக்குடித் துறைமுகங்களில் கடல்மட்டம் பதியும் கருவிகள் நேரத்தோடு ஏற்ற இறக்கத்தைப் பதிந்தன. இது நாட்குறிப்பு.

4,000 மீட்டர் ஆழக் கடலில் சுனாமியின் வேகம் மணிக்குச் சுமார் 700 கி.மீ. அலைநீளம் 500 கி.மீ. என்று வைத்துக்கொண்டால், அலைவுநேரம் 40 நிமிடத்துக்குச் சற்று மேல். கரையை நெருங்கும்போது வேகமும் அலைநீளமும் குறையும். அலைவுநேரம் அவ்வளவாக மாறாது.

அன்று சில கடற்கரைகளில் கடல் உள்வாங்கியது. வேடிக்கை பார்க்க இறங்கிப் போனவர்களும் உண்டு. கரையில் நிற்பவன் பார்ப்பது நேர வரைபடம். கடல் உள்வாங்கினால் அது அகடு. அடுத்து முகடு வரும். இயற்கை அலை, பாடப்புத்தகத்து சைன் கோடு மாதிரி ஒழுங்காக வராது. அதனால் நிமிடக் கணக்குப் பார்த்து நிற்காமல் உடனே மேட்டுக்கு ஓட வேண்டும்.

ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே வளைகோட்டைக் கரும்பலகையில் இரண்டு முறை போடுங்கள். ஒன்றின் அடியில் 'தொலைவு', மற்றதன் அடியில் 'நேரம்' என்று எழுதுங்கள். இரண்டும் என்ன சொல்கின்றன என்று பிள்ளைகளையே பேச விடுங்கள். சூத்திரம் அதற்குப் பிறகு வரட்டும்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்