தோற்றவருக்கு முதல் மரியாதை



சோட்டா பீமும் மரியோவும் சண்டை போட்டால் யார் ஜெயிப்பார்கள்? இந்தக் கேள்வியை உங்கள் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். ஒரே நிமிடத்தில் வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். "லட்டு சாப்பிட்டால் பீம்தான்" என்று ஒரு கூட்டம் கத்தும். "காளான் கிடைத்தால் மரியோதான்" என்று இன்னொரு கூட்டம் கத்தும். வேறு வேறு கதைகளில் இருப்பவர்கள் ஓரிடத்தில் மோதிக்கொண்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்ப்பதில் ஒரு தனி ருசி இருக்கிறது.

இந்த ருசி நேற்று வந்தது அல்ல. மகாபாரதத்தில் பீமன் ஒரு மலரைத் தேடிக் காட்டுக்குள் போகிறான். வழியில் ஒரு கிழக்குரங்கு வாலை நீட்டிப் படுத்திருக்கிறது. வாலை எடு என்கிறான் பீமன். வயதாகிவிட்டது, நீயே நகர்த்திவிட்டுப் போ என்கிறது குரங்கு. மலையைப் போன்ற பீமனால் அந்த வாலை அசைக்கக்கூட முடியவில்லை. அந்தக் குரங்கு வேறு யாருமில்லை, ராமாயணத்து அனுமன்! ராமாயண வீரனையும் மகாபாரத வீரனையும் நேருக்கு நேர் நிறுத்திய நம் முன்னோர் எவ்வளவு கெட்டிக்காரர்கள் பார்த்தீர்களா?

இதே ருசியை வைத்து ஜப்பானில் ஒரு வீடியோ விளையாட்டு உருவானது. அதன் பெயர் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ். நின்டெண்டோ நிறுவனம் 1999-ஆம் ஆண்டு வெளியிட்டது. மசாஹிரோ சகுராய் என்பவர்தான் இதை வடிவமைத்தவர். நான்கு பேர் ஒரே நேரத்தில் மோதும்படி முதலில் ஒரு மாதிரியைச் செய்தார். அவருடைய நண்பர் சதோரு இவாட்டா அதற்கு நிரல் எழுதினார். அந்த மாதிரியில் சண்டை போட்டவர்களுக்கு முகமும் இல்லை, பெயரும் இல்லை. வெறும் பொம்மை உருவங்கள். இவை யார் மனதிலும் ஒட்டாது என்று சகுராய் நினைத்தார். அந்த இடத்தில் மரியோ, டாங்கி காங் போன்ற எல்லோருக்கும் தெரிந்த பாத்திரங்களைக் கொண்டுவந்து வைத்தார். விளையாட்டுக்கு உயிர் வந்துவிட்டது.

முதல் விளையாட்டில் 12 பாத்திரங்கள் இருந்தார்கள். பிகாச்சுவும் அதில் உண்டு. 2018-இல் வந்த அல்டிமேட் என்ற பதிப்பில் பாத்திரங்கள் சேர்ந்துகொண்டே போய், 2021-இல் 89 ஆனது. எட்டுப் பேர் வரை ஒன்றாக விளையாடலாம். முதல் விளையாட்டின் தொடக்கக் காட்சியில் ஒரு பெரிய கை வரும். அது பொம்மைகளை எடுத்து மேசைமேல் வைக்கும். பிறகு அந்தப் பொம்மைகள் உயிர் பெற்று மோதும். கொலு முடிந்ததும் செட்டியார் பொம்மையையும் போலீஸ்காரர் பொம்மையையும் எடுத்து நீங்கள் சண்டை மூட்டுவீர்களே, அதேதான்!

தெரிந்த பாத்திரம் என்றால் ஏன் நமக்கு இவ்வளவு பிடிக்கிறது? இதற்கு விடை வேண்டுமானால் தெருக்கூத்துக்கு வாருங்கள். திருவள்ளூர், காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும்போது இரவு முழுவதும் பாரதக் கூத்து நடக்கும். துரியோதனன் தோற்பான் என்பது கூட்டத்தில் இருக்கும் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனாலும் ஒருவரும் தூங்கப் போக மாட்டார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு பீமன் வந்து நின்றவுடனே அவனுடைய கோபத்துக்குக் காரணம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பழகிய முகம் என்பது திறந்திருக்கும் கதவு போன்றது. புதியவரும் தயங்காமல் உள்ளே வரலாம்.

ஒரு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நமக்குப் பிடித்த முகம் என்று தெரிந்துதான் நிறுவனங்கள் அதை விற்கின்றன. மேலே சொன்ன விளையாட்டிலேயே சில பாத்திரங்களைத் தனியாகக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். கைபேசி விளையாட்டுகள் பலவற்றில் புதுச் சட்டைக்கும் புது ஆயுதத்துக்கும் பணம் கேட்கிறார்கள். பிடித்திருப்பது வேறு, வாங்கியே தீர வேண்டும் என்பது வேறு. அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு ரூபாய்கூட அங்கே போகக் கூடாது.

இனி, இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்த செய்திக்கு வருகிறேன். ஒருநாள் சகுராய் விளையாட்டுக் கூடம் ஒன்றில் ஒரு சண்டை விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் வந்து ஆடியவர்களை வெளுத்து வாங்கினார். பிறகு எட்டிப் பார்த்தால், அவர்கள் அந்த விளையாட்டுக்கே புதியவர்கள்! பொழுதுபோக்காக ஆட வந்த ஒரு ஜோடி. அவருக்கு மனம் சங்கடப்பட்டது. முதல் நாளிலேயே இப்படி அடிபட்டால் அவர்கள் மறுபடி எப்படி விளையாட வருவார்கள்? தெரியாதவரும் தெரிந்தவரும் சேர்ந்து ஆடக்கூடிய ஒரு சண்டை விளையாட்டு வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இப்படித்தான் வலுத்தது.

அதனால் விதிகளையே மாற்றினார். மற்ற சண்டை விளையாட்டுகளில் அடிபட அடிபட உயிர்க்கோடு குறையும். தீர்ந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. இதில் அப்படி இல்லை. அடிபட அடிபட ஒரு எண் ஏறும். எண் பெரிதானால் அடுத்த அடியில் அதிக தூரம் தூக்கி எறியப்படுவீர்கள். மேடைக்கு வெளியே போய் விழுந்தால்தான் தோல்வி. எண் 100-ஐத் தாண்டியவரும் தட்டுத்தடுமாறி மேடைக்குத் திரும்பி வந்து ஜெயிக்கலாம். நம் கபடியிலும் இப்படி ஒரு நல்ல விதி இருக்கிறது. அவுட் ஆனவன் வெளியே உட்கார்ந்திருப்பான். அவனுடைய அணி எதிராளி ஒருவரை அவுட் ஆக்கினால், அவன் மறுபடியும் உள்ளே வருவான். தோற்றவனுக்கு ஒரு கதவைத் திறந்தே வைத்திருப்பதுதான் நல்ல விளையாட்டு.

இதை இன்னும் அழகாகச் சொல்லும் ஓர் ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திருத்தணிக்கு அருகில் உள்ள திருவாலங்காடு. ஆலமரக் காடாக இருந்ததால் ஆலங்காடு என்று பெயர். ஆந்திர எல்லை பக்கம் என்பதால் அங்கே தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும். நடராஜரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை இருப்பது இந்த ஊரில்தான். அந்த ஊர்க் கதை ஒரு போட்டியைப் பற்றியது. சிவனும் காளியும் நடனப் போட்டியில் இறங்கினார்கள். சிவன் எந்த ஆட்டம் ஆடினாலும் காளியும் அதை ஆடிக் காட்டினாள். யார் ஜெயிப்பார் என்று சொல்லவே முடியவில்லை. அப்போது சிவனின் காதணி கீழே விழுந்தது. அதைக் கால் விரலால் எடுத்து, காலைத் தலைக்கு மேலே தூக்கி, காதில் மாட்டிக்கொண்டார். அதற்கு ஊர்த்துவ தாண்டவம் என்று பெயர். காளி ஆட்டத்தை நிறுத்தித் தோல்வியை ஒப்புக்கொண்டாள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். அடுத்து நடந்ததுதான் முக்கியம். ஜெயித்தவர் தோற்றவளை விரட்டவில்லை. என்னை வணங்க வருபவர்கள் முதலில் உன்னை வணங்கிவிட்டு வரட்டும் என்று சொன்னாராம். இன்றும் திருவாலங்காட்டில் முதலில் காளியை வணங்கிவிட்டுத்தான் சிவனிடம் போக வேண்டும் என்பது வழக்கம். தோற்றவருக்கு முதல் மரியாதை! ஏன் தெரியுமா? அவ்வளவு நன்றாக ஆடிய காளி எதிரில் இல்லாவிட்டால் அந்தத் தாண்டவத்துக்கு அவசியமே வந்திருக்காது.

நான் பள்ளியில் பணியாற்றிய காலத்தில் ஒன்றைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு பையன் எப்போதும் ஜெயிப்பான். ஜெயித்ததும் தோற்றவனுக்குப் பட்டப்பெயர் வைப்பான். ஒரு மாதம் கழித்து அவனோடு விளையாட ஆள் இருக்காது. பந்தும் மட்டையும் அவன் கையில், மைதானத்தில் அவன் மட்டும்! கைபேசியில் விளையாடும்போதும் இதுவேதான் நடக்கிறது. எதிரில் இருப்பவர் முகம் தெரியவில்லை என்பதால் சிலர் வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பதும் உங்களைப் போல ஒரு பிள்ளைதான். அவனுக்கும் தொண்டை அடைக்கும்.

ஆகவே குழந்தைகளே, விளையாடுங்கள். முடிந்தவரை ஒரே வீட்டில், ஒரே பாயில் உட்கார்ந்து, தோளோடு தோள் இடித்துக்கொண்டு விளையாடுங்கள். புதிதாக வரும் தம்பிக்கு எந்தப் பொத்தான் எதற்கு என்று முதலில் சொல்லிக்கொடுங்கள். ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்துக்கு இடம் விட்டு எழுந்திருங்கள். தோற்றவர் நன்றாக ஆடிய ஓர் ஆட்டத்தை வாய்விட்டுப் பாராட்டுங்கள். பாடமும் தூக்கமும் கெடாமல், சொன்ன நேரத்தில் நிறுத்திவிடுங்கள். கூத்தில் விடிய விடிய மோதிய பீமனும் துரியோதனனும் வேஷத்தைக் கலைத்ததும் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பார்கள். சண்டை மேடையோடு சரி.

இந்த வாரம் யாரையாவது தோற்கடித்தால், மறுநாள் அவர் உங்களைத் தேடி மறுபடி விளையாட வருகிறாரா என்று பாருங்கள். வந்தால் நீங்கள் உண்மையிலேயே ஜெயித்துவிட்டீர்கள்!