கடல்நீரில் வளரும் ஈஸ்ட்: நன்னீர் மிச்சமாகுமா?

பெட்ரோலியத்துக்கு மாற்றாக, நொதித்தல் முறையில் வேதிப்பொருள்களைத் தயாரிக்கும் தொழிலை ஊக்குவிக்க, 'பயோஇ3' கொள்கைக்கு மத்திய அமைச்சரவை 2024 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்தது. ஆனால், நொதித்தலுக்கு நன்னீர் பெருமளவில் தேவை. கண்டலேறு நீரை எதிர்பார்த்திருக்கும் திருப்பதி, ரேணிகுண்டா வட்டாரத்துக்கு இது முக்கியப் பிரச்னை.

உப்பைத் தாங்கும் 'டெபாரியோமைசஸ் ஹான்செனி' என்ற ஈஸ்ட் இதற்கு வழிகாட்டுகிறது. கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம், அதைவிடப் பல மடங்கு உப்பிலும் இது வளரும். வேண்டாத நுண்ணுயிரிகள் பலவற்றை அந்த உப்பே தடுத்துவிடும்.

ரேணிகுண்டா உள்நாட்டில் இருந்தாலும், திருப்பதி மாவட்டத்துக்குக் கடற்கரை உண்டு. நொதித்தல் ஆலைகள் அங்கு அமைந்தால், குடிநீருக்கான போட்டி குறையும்.

எனினும், கடல்நீர் எஃகுக் கலன்களை அரிக்கும். ஆலைக் கழிவு பழவேற்காடு ஏரியில் கலந்தால் மீன்வளம் பாதிக்கப்படும். இவற்றுக்குத் தீர்வு கண்ட பிறகே, இதைப் பசுமை உற்பத்தி எனக் கூற முடியும்.