அடியளந்து செய்த அணை

புறநானூற்றிலே ஒரு புலவர், பகைவருக்கு ஓயாத தொல்லை கொடுக்கும் வீரன் ஒருவனைப் பாட உவமை தேடினார். புலியும் இடியும் அவருக்குத் தெரியாதவை அல்ல. அவற்றையெல்லாம் விடுத்துச் செருப்புக்குள் அகப்பட்ட சிறு கல்லை எடுத்துக்கொண்டார். நெடுவழி நடந்தவருக்கே இவ்வுவமையின் அருமை புலப்படும். காலுக்கும் செருப்புக்கும் இடையே கிடப்பது கடுகளவினதேயாயினும், நடப்பவனுக்கு அப்பொழுது அதைத் தவிர வேறு உலகம் இல்லை.

அந்தச் சிறு இடைவெளி இக்காலத்தில் ஒரு பெரிய வாணிகத்துக்கு இடமாகிவிட்டது. ஓடுவோர், மலையேறுவோர் ஆகியோரின் பாதத்தைத் தனித்தனியே அச்செடுத்து, அவ்வச்சுக்கு இயைய வார்த்த மெத்தை ஒன்றைச் சப்பாத்தினுள் இடுவதற்குச் செய்து கொடுக்கிறார்கள். கடையிலே அதற்கு 'இன்சோல்' என்று பெயர். தமிழாசிரியனாகிய நான் 'உள்ளணை' என்று எழுதுகிறேன். இதனினும் நல்ல சொல்லை மாணவர் எவரேனும் தருவாராயின் மகிழ்ந்து ஏற்றுக்கொள்வேன். பெயர் நிற்க. பொருளைப் பற்றியே எனக்குச் சில சொல்லக் கிடக்கின்றன.

இதன் தொடர்பில் இரு கட்சியார் உளர். வார்த்த உள்ளணை இல்லாமல் ஓடுவதே தீங்கு என்பர் ஒரு சாரார். நம் முன்னோர் வெறுங்காலோடு கதிர்காமம் வரை நடந்தார்களே, இஃதெல்லாம் வீண் பகட்டு என்பர் மற்றொரு சாரார். இருவர் கூற்றும் எனக்கு உடன்பாடன்று.

முதலில் பாதத்தைச் சிறிது நோக்குவோம். ஒரு பாதத்திலே 26 எலும்புகள் உள. அவை நிலத்திலே தட்டையாகப் படிந்து கிடப்பன அல்ல. வில்லைப் போல வளைந்து நிற்பன. கால் ஊன்றும்போது அவ்வில் தாழ்கிறது; எடுக்கும்போது நிமிர்கிறது. ஓடுபவனுடைய பாதம் ஒவ்வோர் அடியிலும் அவன் நிறையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையைத் தாங்குகிறது. வளைவு மிக உயர்ந்த பாதமும் உண்டு. தாழ்ந்த பாதமும் உண்டு. உயர்ந்த வளைவுடையார்க்குப் பாரம் முழுவதும் குதிக்காலிலும் முன்பாதத்திலுமே பெரிதும் விழும். அவரவர் பாதத்தின் வடிவிலே வார்த்த உள்ளணை அப்பாரத்தை உள்ளங்கால் எங்கும் பகிர்ந்து கொடுக்கிறது; குதிக்காலைக் கிண்ணம்போல் ஏந்தி அசையாமல் வைக்கிறது. இதிலே மாயமும் இல்லை, பகட்டும் இல்லை.

அச்செடுக்கும் முறைகள் பல. பாதத்தைச் சுற்றிச் சுண்ணச்சாந்துத் துணியைக் கட்டி எடுப்பது பழைய முறை. பெட்டியில் நிரப்பிய மெல்லிய நுரையிலே காலை ஊன்றச் செய்து சுவட்டைப் பெறுவது இன்னொன்று. ஒளியினாலே பாதத்தை அளந்து கணினியில் உருவமைப்பது புதிய முறை. இவையன்றி, சூடாக்கி இளக்கிச் சப்பாத்தினுள் இட்டு, அதன்மேல் நின்று வடிவம் பெறச் செய்யும் மலிவான உள்ளணைகளும் கிடைக்கின்றன.

இவற்றின் பயனை நான் ஏட்டிலே மாத்திரம் கண்டவனல்லன். எனக்கு வளைவு உயர்ந்த பாதம். ஐம்பது வயதைக் கடந்தபின் குதிக்கால் வலி வந்து, காலையிலே கட்டிலை விட்டு இறங்கி முதலடி வைப்பதே தண்டனையாயிற்று. வைத்தியர் சொற்படி அச்செடுத்து உள்ளணை செய்வித்தேன். அதனை அணிந்துகொண்டு சிவனொளிபாதமலைக்கும் சென்றேன். 2243 மீற்றர் உயரமுள்ள மலை. நல்லதண்ணிப் பக்கமாக ஏறுவோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளைக் கடக்க வேண்டும். ஏறுதல் மூச்சுக்குச் சோதனை. இறங்குதல் பாதத்துக்குச் சோதனை. இரண்டிலும் என் குதிக்கால் முறையிடவில்லை. இறைவன் அடி பதிந்த இடத்தை வணங்கப் போனவன், என் அடி பதிந்த அணையைச் சப்பாத்தோடு வெளியே கழற்றி வைத்துவிட்டு உள்ளே சென்றேன். அப்பொழுது எனக்கே சிரிப்பு வந்தது.

ஆனால், தொடக்கத்திலே நான் செய்த பிழையையும் மறைத்தலாகாது. சப்பாத்தோடு வந்த பழைய மெத்தையை எடுக்காமல், அதன்மேலேயே புதியதை இட்டேன். குதிக்கால் உயர்ந்து சப்பாத்தை விட்டு வழுகியது. அன்றியும், முதல் நாளே நெடுந்தூரம் நடந்தேன். பாதத்தில் கொப்புளங்கள் எழுந்தன. முதல் நாள் ஒரு மணி நேரம், மறுநாள் சிறிது கூட என்று இரண்டு மூன்று வாரங்களில் பழக்க வேண்டும் என்பதைக் கொப்புளங்களே எனக்குக் கற்பித்தன.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய செய்திக்கு வருகிறேன். எமது பாடசாலையிலே பத்தாந் தரத்தில் படித்த ஒரு மாணவி நெடுந்தூர ஓட்டத்தில் ஆர்வமுடையவள். இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தபோது அவளுக்குக் குதிக்கால் வலி கண்டது. தாயார் அவளை ஒரு கடைக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஒருவர் அவள் காலைப் பார்த்த மாத்திரத்தே, "இது பிழையான கால், அச்செடுத்துச் செய்த இன்சோல் போடாமல் ஓடக்கூடாது" என்று சொல்லி, ஒரு விலையும் கூறினார். அவ்விலை அத்தாயாருடைய ஒரு மாத வருவாயை விழுங்குவது. அவர் என்னிடம் வந்து, "பண்டிதர் ஐயா, இதை வாங்கிப் போடாட்டில் பிள்ளையின்ரை கால் பழுதாய்ப் போகுமாம். மெய்தானோ?" என்று கேட்டார். காதிலே கிடந்த தோட்டை ஈடுவைக்க அவர் ஆயத்தமாக இருந்தார்.

நான் வைத்தியன் அல்லன். ஆயினும் பிள்ளையின் சப்பாத்தைக் கொண்டுவரச் சொன்னேன். அது தமையன் அணிந்து கழித்த சப்பாத்து. காலுக்குப் பெரிது, நுனியிலே பஞ்சு அடைத்திருந்தது. அடிப்புறம் ஒருபக்கமாகத் தேய்ந்து சரிந்திருந்தது. பிழை எங்கே இருந்தது? காலிலா, சப்பாத்திலா? உடற்கல்வி ஆசிரியரும் வைத்தியரும் பார்த்தனர். காலுக்கு அளவான சப்பாத்து, சில வாரங்களுக்கு ஓட்டத்தைக் குறைத்தல், கெண்டைக்காற்றசையை நீட்டும் பயிற்சி, கடையிலே ஆயத்தமாகக் கிடைக்கும் சாதாரண உள்ளணை ஒன்று: இவ்வளவே விதித்தனர். தோடு காதிலேயே இருந்தது. போட்டியிலே அவள் நான்காவதாக வந்தாள், நொண்டாமல் வந்தாள்.

ஓர் உதாரணத்தைக் கொண்டு விதி வகுத்தல் முறையாகாது. ஆராய்ச்சியாளர் கூறுவதையும் கேட்போம். குதிக்கால் வலியுடைய 135 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வொன்று 2006ஆம் ஆண்டில் வெளியாயிற்று. ஒரு பகுதியினருக்கு அச்செடுத்து வார்த்த உள்ளணை. ஒரு பகுதியினருக்கு ஆயத்த உள்ளணை. எஞ்சியோருக்குப் பெயரளவில் ஒரு மெல்லிய நுரைத்தகடு. மூன்று மாதத்தில் முதலிரு பகுதியினரும் சிறிது நலம் கண்டனர். அவ்விரண்டினிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஓராண்டு சென்றபின் மூன்று பகுதியினரும் ஏறத்தாழ ஒரே நிலையில் இருந்தனர். 2001இல் வெளியான வேறோர் ஆய்விலே 206 படையினரிடம் ஆறு வகை உள்ளணைகளைக் கொடுத்து, தத்தமக்கு இதமானதைத் தெரிந்துகொள்ளச் செய்தார்கள். எல்லாரும் ஒன்றையே தெரியவில்லை. தெரிந்ததை அணிந்தோர்க்கு, அணியாதோரிலும் பார்க்க நோவும் எலும்பு வெடிப்பும் குறைந்தன. காலுக்கு எது இதம் என்பதைக் காலே நன்கறியும் என்பது இதனாற் பெறப்படும்.

வெறுங்காற் கட்சியாருக்கும் ஒரு வார்த்தை. எதியோப்பியாவின் அபேபே பிக்கிலா 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கிலே மரதன் ஓட்டத்தை வெறுங்காலோடு ஓடி வென்றதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். உண்மையே. கிடைத்த சப்பாத்துக்கள் காலுக்கு இசையாமையால், பழகிய வெறுங்காலை அவர் நம்பினார். ஆனால், அதே பிக்கிலா 1964இல் தோக்கியோவிலே சப்பாத்து அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 12 செக்கனில் மீண்டும் வென்றார் என்பதை அவர்கள் சொல்வதில்லை. பிக்கிலா எக்கட்சியையும் சேர்ந்தவரல்லர். அவர் தம் காலைக் கேட்டு நடந்தவர்.

ஆதலின் என் கருத்து இதுவே. வலி நீங்காதவர்க்கும், பாதம் வழக்கத்துக்கு மாறாக அமைந்தவர்க்கும், வைத்தியர் வேண்டுமென்றால் வார்த்த உள்ளணை நல்ல துணை. நீரிழிவினால் உள்ளங்காலில் உணர்விழந்தோர்க்கு அது துணை மாத்திரமன்று, காவலுமாம். அவர்கள் செலவுக்கு அஞ்சிப் பின்னிற்றல் கூடாது. ஏனையோர் முதலில் அளவான சப்பாத்தைத் தேடுக. பின் ஆயத்த உள்ளணையை அணிந்து பார்க்க. அதுவும் போதாவிடத்து அச்சைப் பற்றி யோசிக்க. பாடசாலைகளிலே போட்டிக்கு முன் பிள்ளைகளின் நெஞ்சையும் மூச்சையும் பார்ப்பதுபோல, அவர்கள் காலையும் சப்பாத்தையும் ஒருமுறை பார்க்க ஆசிரியர்கள் முன்வருதல் வேண்டும். செலவில்லாத காரியம் இது.

பொருளை விற்பவர் பொருளின் நன்மையைச் சொல்லி விற்கட்டும். அது வாணிக தருமம். ஓட விரும்பும் ஒரு பிள்ளையிடம் உன் கால் பிழையான கால் என்று சொல்லி விற்பது எந்தத் தருமம்? அச்சொல்லும் செருப்புக்குள் அகப்பட்ட கல்லே. சப்பாத்துக்குள் கிடக்கும் கல்லைக் கவிழ்த்துத் தட்டிவிடலாம். மனத்துக்குள் விழுந்த கல்லை எடுக்க எத்தனை தவணை செல்லுமோ, ஆசிரியராயுள்ளோர் அறிவர்.