ஓட ஓட சரியாப் போயிருமுங்களா?

புது டிஸ்க்கும் பேடும் மாத்தின கார், ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளிய வந்ததும் 'ஸ்ஸ்... ஸ்ஸ்...'னு உரசுது. திரும்பிப் போய்க் கேட்டா, கோயமுத்தூர்ல காந்திபுரமோ சிங்காநல்லூரோ, பதில் என்னவோ ஒண்ணுதான்: "ஓட ஓட சரியாப் போயிரும்ங்ணா."

இது பாதி நிஜம். மீதிப் பாதிதான் ஆபத்துங்க.

நிஜம் எதுன்னா, டிரம் பிரேக்ல ஷூவைப் பின்னால இழுக்க ஸ்பிரிங் இருக்கு. டிஸ்க் பிரேக்ல அந்த வேலையைச் செய்யறது பெரும்பாலும் பிஸ்டனைச் சுத்தியிருக்கற ரப்பர் சீல்தான். அது மயிரிழை அளவுக்குத்தான் இழுக்கும். அதனால பேட் டிஸ்க்கை லேசாத் தொட்டுக்கிட்டே இருக்கறது சகஜம். புதுசுல வர்ற மெல்லிசான சத்தம், ரெண்டும் படிஞ்சதும் அடங்கிரும்.

ஆனா எல்லா உரசலும் அந்த ரகமில்லை. சமதரையில கட்டை வெச்சு, ஜாக்கி போட்டு, நியூட்ரல்ல வீலைக் கையால சுத்திப் பாக்கச் சொல்லுங்க. சத்தம் வந்தாலும் சுலபமாச் சுத்துதா? கவலையை விடுங்க. ஒரு சுத்துக்கு ஒரு தடவை மட்டும் உரசுதா? டிஸ்க் கோணலா உக்காந்திருக்கலாம். ஹப்ல ஒட்டின ஒரு துருத் துணுக்கு போதும், டிஸ்க் ஓரத்துல ஆட்டம் தெரியும். தகரத்தைக் கீறற சத்தமா? பின்னாடி இருக்கற தகரத் தடுப்பு வளைஞ்சிருக்கும். கையால நிமித்தினாப் போச்சு.

வீல் சுத்தவே மாட்டேங்குதா? மெக்கானிக்கை காலிப்பர் நிப்பிளைத் திறக்கச் சொல்லுங்க. உடனே வீல் லேசாச்சுன்னா, ஆயில் பிரஷர் திரும்பலைன்னு அர்த்தம். ஹோஸ் உள்ளுக்குள்ள ஊதியிருக்கலாம், மாஸ்டர் சிலிண்டர் கோளாறாவும் இருக்கலாம். அப்பவும் இறுக்கமாவே இருந்தா, பிஸ்டனோ ஸ்லைடு பின்னோ சிக்கியிருக்கு. இதெல்லாம் ஓட ஓட சரியாகாது, மோசமாத்தான் ஆகும்.

அவிநாசி ரோட்டு நெரிசல்ல இது பெருசாத் தெரியாது. நம்மாளுங்க அடுத்த ஞாயித்துக்கிழமையே குடும்பத்தோட மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறுவோம், இல்லாட்டி ஆழியாறு வழியா வால்பாறைக்கு. அங்க 40 கொண்டை ஊசி வளைவு! ஏற்கெனவே உரசிச் சூடான பிரேக், இறக்கத்துல இன்னும் கொதிக்கும். டாட் 3 பிரேக் ஆயில் புதுசுல குறைஞ்சது 205 டிகிரி தாங்கணும். ஈரம் இழுத்த பழைய ஆயில் 140 டிகிரி சுமாருக்கே கொதிச்சிரும். ஆயில் ஆவியாச்சுன்னா பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிக்காது.

மெக்கானிக்கை மட்டும் குத்தம் சொல்றதுல எனக்கு உடன்பாடில்லை. பார்ட்ஸுக்குக் கேட்ட காசை எண்ணி வைக்கிற நாம, கூலின்னு வந்தா மட்டும் பேரம் பேசறோம். ஹப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கிறது, ஸ்லைடு பின்னைச் சுத்தம் பண்ணி அதுக்குன்னு இருக்கற கிரீஸ் வெக்கிறது, வீல் நட்டை ஒரே அளவா முறுக்கறது எல்லாம் பில்லுல தெரியாத வேலை. அதுக்குக் காசு குடுக்கலைன்னா, அவர் ஏங்க மெனக்கெடப் போறாரு?

அடுத்த தடவை பிரேக் வேலைக்கு விடும்போது, "ஹப்பும் பின்னும் சுத்தம் பண்ணிருங்ணா, அதுக்குத் தனியா வாங்கிக்குங்க"ன்னு முதல்லயே சொல்லிப் பாருங்க. புது டிஸ்க் விலைக்கு முன்னாடி அது ஒரு காசே இல்லை. பொண்டாட்டி புள்ளைங்களைப் பின்சீட்ல உக்கார வெச்சு வால்பாறை இறங்கறவங்களுக்கு நான் வேற என்னத்தச் சொல்ல!